ஜங்லிகாட்டில் தனிநாட்டுப் பேச்சு

இந்தத் தீவின் ஜங்லிகாட் துறையை ஒட்டிய டீக்கடையில் கப்பலுக்குக் காத்திருக்கிறேன். இலங்கையில் தனிநாடு கேட்டவர்களுக்கே தமிழர் ஓட்டு விழுந்ததாக ரேடியோ சொல்கிறது. கடைக்காரரும் அவர் மச்சானும் அங்குள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர்கள்.

"நாடு கெடைச்சா திரும்பிப் போயிரலாம்" என்கிறார் கடைக்காரர்.

"ஓட்டே குடுக்காமத்தான நம்மள அனுப்புனாங்க? இப்ப யாரு கூப்பிடுவா?" என்று மச்சான் சீறுகிறார்.

நான் நோட்டில் குறித்துக்கொண்டே, "அங்கே ஓட்டு இருந்தால் யாருக்குப் போடுவீர்கள்?" என்று கேட்கிறேன்.

இருவரும் என் நோட்டைப் பார்க்கிறார்கள்.

"சாப் எந்த ஆபீஸ்?" என்கிறார் மச்சான்.

"ஆபீஸ் இல்லை. மெயின்லேண்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தேன்."

"சுத்திப் பாக்குறவரு எதுக்கு எழுதுறீங்க?"

அந்தப் பக்கத்தைக் கிழித்து நீட்டுகிறேன். மச்சான் முழுவதும் படித்துவிட்டு அடுப்பில் போடுகிறார்.

"எங்களுக்குள்ள சண்டையே இல்ல சாப்."

கடைக்காரரும் ஆமாம் என்று தலையாட்டுகிறார்.