லின் அக்காவின் அம்மாவுக்குக் கட்டிய தொட்டில்

எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே லின் அக்காவின் அம்மா கேட்ட முதல் கேள்வி, இத்தனை பிள்ளைகளுக்கு யார் அனுமதி தந்தது என்பதுதான். அவர் சீனத்தில் கேட்க, லின் அக்கா அதை ஆங்கிலத்தில் சொல்ல, என் அண்ணை அம்மாவுக்குத் தமிழில் சொன்னான். நாங்கள் நான்கு பேர் மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாவது அம்மாவின் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தது.

"கவுன்சில் இன்னும் ஒண்டும் கேக்கேல்லையாம் எண்டு சொல்லு," என்றார் அப்பா. "கேட்டா கொம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுவம்."

"உங்களுக்கு எல்லாம் பகிடிதான்," என்று அம்மா சால்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். லின் அக்காவின் அம்மா சிரிக்கவில்லை. சால்வைக்குள் போன வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டு மேல்மாடியில் கட்டிலும் மேசையும் மட்டும் கொள்ளும் ஒரு சின்ன அறை இருந்தது. அதில்தான் லின் அக்கா இரண்டு வருடமாக வாடகைக்கு இருந்தார். கணக்கியல் படித்தார். எனக்குப் பின்னல் போட்டுவிடுவார், வீட்டுப்பாடம் சொல்லித் தருவார், வெள்ளிக்கிழமை எங்கள் மரக்கறிச் சாப்பாட்டை முகம் சுளிக்காமல் சாப்பிடுவார். உடுப்பு, சப்பாத்து, சைக்கிள் எல்லாம் அண்ணையும் அக்காவும் பாவித்து முடித்த பிறகுதான் எனக்கு வரும். எனக்கு மட்டும் என்று கிடைத்தது லின் அக்கா ஒருவர்தான். என் தங்கச்சி அந்த அறைக்குள் வந்தால் கதவடியில் வைத்தே துரத்திவிடுவேன்.

ஒருநாள் பள்ளிக்கூட வேலைக்காகக் குடும்பப் படம் கீறினேன். மேலே அம்மாவும் அப்பாவும், கீழே நாங்கள் எல்லோரும். தாளில் இடம் போதவில்லை. லின் அக்கா தன்னுடையதைக் கீறிக் காட்டினார். மேலே தாத்தா பாட்டிமார் நான்கு வட்டம், அதற்குக் கீழே தாயும் தகப்பனும் இரண்டு வட்டம், அடியில் ஒற்றை வட்டம். பம்பரம் முனையில் நிற்பதுபோல இருந்தது.

"உங்களுக்குத் தம்பி இல்லையா?" என்று கேட்டேன்.

"எங்களூரில் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். அதற்கு மேல் விடமாட்டார்கள்," என்றார். அவர் சொன்ன ஆங்கிலத்தைத்தான் நான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்.

அவருடைய ஊர் சீனாவின் வடக்கில் எங்கோ ஒரு தொழிற்சாலை ஊர். தகப்பன் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஊரில் வேலையும் இல்லை, இளம் ஆட்களும் இல்லை. அந்த ஆறு வட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் இந்த ஒற்றை வட்டத்தை லண்டனுக்கு அனுப்பிப் படிப்பித்தார்கள்.

பட்டமளிப்பைப் பார்க்க வந்த தாய் மூன்று கிழமை அந்தச் சின்ன அறையில் மகளோடு தங்கினார். லின் அக்காவுக்கு லண்டனில் ஒரு வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் தொடங்க வேண்டும். என்னுடைய கட்டில் அந்த அறைச் சுவரோடு இருந்தது. காலையில் கண் விழிக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை தொடங்கிவிடும். ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் சுவரில் காதை வைத்துக்கொண்டு கிடப்பேன். சண்டை நின்றால் இன்னும் பயமாக இருக்கும்.

அண்ணைதான் துப்பறிந்து வந்து சொன்னான். "தேப்பனுக்குப் பாரிசவாதமாம். ஒரு பக்கம் ஏலாது. தாய் பட்டமளிப்புக்கு வரேல்லையடி, கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தவ."

நான் ஓடிப்போய் லின் அக்காவிடம் கேட்டேன். அவர் போகமாட்டேன் என்றார். இங்கே இருந்து உழைத்தால்தான் மருந்துக்கு அனுப்ப முடியும், அங்கே போனால் தானும் அவர்களுக்கு ஒரு சுமை என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். முன்பு ஒருநாளும் அவர் நகம் கடித்து நான் பார்த்ததில்லை.

குசினியில் அம்மா அப்பாவிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. "காசை அனுப்பலாம். ஆளை அனுப்ப ஏலுமே? அந்த மனுசனை ஆர் தூக்கி இருத்துறது?"

"ஏன், நான் வரேல்லையே ஊரை விட்டு?" என்றார் அப்பா.

"உங்களுக்கு அங்க தம்பி இருக்கிறார். அவர் பாக்கிறார். நீங்கள் இஞ்ச இருந்து நியாயம் கதைக்கிறியள்."

அப்பா சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்கோ தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ஊரில் தம்பி ஒருவர் இருந்தால் மூத்தவர்கள் லண்டனில் இருக்கலாம். லின் அக்காவுக்கு வேண்டியது ஒரு தம்பி. தம்பி வேண்டுமென்றால் எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் போகும் அம்மன் கோயில் முன்பு சாமான் கிடங்காக இருந்த கட்டடம். வேப்பமரம், அரசமரம் ஒன்றும் கிடையாது. பின்சுவரோரம் ஒரு நீட்டு இரும்புக் கம்பி பூட்டியிருந்தார்கள். பிள்ளை வரம் கேட்பவர்கள் சின்னத் தொட்டில் செய்து அதில் கட்டிவிட்டுப் போவார்கள். கம்பி நிறையத் தொட்டில்கள் ஆடிக்கொண்டிருக்கும். அம்மன் கேட்டால் தருவாள் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

ஐஸ்கிரீம் குச்சி நாலு, அம்மாவின் பழைய மஞ்சள் சேலையில் ஒரு துண்டு. உள்ளே படுக்க வைக்கத் தங்கச்சியின் சின்ன இறப்பர் பொம்மை, அவளுக்குச் சொல்லாமல் எடுத்தது. அந்த வெள்ளிக்கிழமை பூசைச் சத்தத்துக்குள் நழுவிப்போய்க் கட்டினேன். அம்மாளாச்சி, லின் அக்காவின் அம்மாவுக்கு ஒரு பிள்ளையைக் குடு, கெதியாக் குடு என்று கும்பிட்டேன். அந்த அம்மாவுக்கு அப்போதே தலை நரைத்திருந்தது. அதெல்லாம் அம்மனுக்கு ஒரு காரியமா என்று நினைத்தேன்.

ஒரு கிழமை பார்த்தேன். லின் அக்காவின் அம்மாவின் வயிறு அப்படியேதான் இருந்தது. அவருடைய பயணத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. அன்று மறுபடி வெள்ளிக்கிழமை. அம்மா அவர்கள் இருவரையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். "பாவம், வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கிறா. ஒருக்கா கும்பிட்டிட்டு வரட்டும்."

ஒருவேளை அவரும் தன் வாயால் கேட்க வேண்டுமோ என்று எனக்குத் தோன்றியது. பூசை முடிந்ததும் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்சுவருக்குப் போனேன். தொட்டிலைக் காட்டினேன். அம்மாவின் வயிற்றைக் காட்டினேன். பிறகு விரலை நீட்டி அவருடைய வயிற்றைத் தொட்டேன்.

அவர் பொம்மையைத் தொட்டிலிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"என்னடி செய்தனி?" என்று அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். லின் அக்காவும் வந்தார். நான் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். "உங்களுக்குத் தம்பி பிறந்தால் அவன் அப்பாவைப் பார்த்துக்கொள்வான். நீங்கள் இங்கேயே இருக்கலாம்."

லின் அக்கா சத்தமாகச் சிரித்துவிட்டார். கோயிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்போடேயே அதைத் தாய்க்குச் சீனத்தில் சொன்னார். தாய் பொம்மையைப் பார்த்தபடியே ஒரு சின்ன வசனம் சொன்னார். லின் அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. தாய் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் இருந்துவிட்டார். அவர் அழுதது அழுகை மாதிரி இல்லை. மூச்சு வாங்குவது மாதிரி இருந்தது. லின் அக்கா பக்கத்தில் இருந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். என் அம்மா கீழே குந்த முடியாத வயிற்றோடு குந்தி, அந்த அம்மாவின் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை லின் அக்கா அந்த வேலைக்கு வரமாட்டேன் என்று எழுதி அனுப்பினார். திங்கள் முழுக்கப் புத்தகங்களைப் பெட்டியில் கட்டினார். செவ்வாய் தாயோடு போய்விட்டார். வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது நான் லண்டனிலேயே மோர்டனில் இருக்கிறேன். எனக்கும் மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிறந்தபோது லின் அக்காவுக்குப் போனில் படம் அனுப்பினேன். அவர் கலியாணம் செய்யவில்லை. எழுதியிருந்தார்: "இப்போது எங்கள் அரசாங்கமும் மூன்று பெறச் சொல்கிறது, பெறுவதற்குத்தான் ஆளில்லை. நான் படித்த சிறுவர் பள்ளியில் பிள்ளைகள் இல்லாமல் போய், அது முதியோர் பகலில் தங்கும் இடமாகிவிட்டது. அம்மாவைக் காலையில் அங்கே விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்."

அப்போதுதான் துணிந்து கேட்டேன், கோயிலில் அன்று உங்கள் அம்மா என்ன சொன்னார் என்று. பதில் உடனே வந்தது. "ஒருவன் இருந்தான்" என்றாராம். லின் அக்காவுக்கு மூன்று வயதாக இருந்தபோது தாய் மறுபடி பிள்ளைத்தாச்சியாம்; ஏழாம் மாதத்தில் அதிகாரிகள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். திரும்பி வரும்போது வயிற்றில் ஒன்றும் இருக்கவில்லை. தாய் அதை மகளிடம் சொன்னது அன்றுதான். அதற்கு மேல் அந்த அம்மாவைத் தனியே விமானத்தில் ஏற்ற லின் அக்காவால் முடியவில்லை.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவர்கள் போன அந்தச் செவ்வாய் பின்னேரம் விளக்கு வைத்த பிறகு எல்லோரும் சாமி அறையில் நின்று தேவாரம் பாடினார்கள். நான் கதவடியில் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

"என்ன, கும்பிட மாட்டியோ?" என்றார் அம்மா.

"மாட்டன். நான் கேட்டதைத் தரேல்லை."

"என்ன கேட்டனி?"

"அந்த அம்மாவுக்கு ஒரு பிள்ளை கேட்டனான்."

அம்மா திருநீற்றுத் தட்டை என் பக்கம் நீட்டினார். "பிள்ளையோடதானேடி போறா," என்றார்.

அம்மா என்னைச் சமாளிக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு மாடிக்கு ஓடி, வெறும் கட்டிலும் மேசையும் கிடந்த அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.