மூச்சு இருபது

மூச்சை எண்ணப்போகிறோம் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், நாடி பார்ப்பது போலவே நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். நர்சிங் படிப்பில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பொய் இது. இரண்டாவது பொய்யை வார்டில் கற்றேன். அங்கே யாரும் எண்ணுவதில்லை. முப்பது கட்டிலுக்கும் மூச்சு இருபது.

நான் தேவாரத்திலிருந்து தேனிக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தவள். இரண்டாம் ஆண்டில் என் பொறுப்பில் இருந்த கட்டிலில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் காய்ச்சலோடு படுத்திருந்தார். எண்ணினேன், முப்பத்திநான்கு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். அதேதான். சார்ட்டில் எழுதி இனிஷியல் போட்டேன். வார்டு பொறுப்பு சிஸ்டர் அதை எடுத்துப் பார்த்தார். பழக்க தோஷத்தில்தான் அவர் இவர் என்று எழுதுகிறேன்.

“ஏத்தா, இங்கன வா. அங்கன பாரு, சம்மணம் போட்டு உக்காந்து இட்லி சாப்பிடுறாக. முப்பத்திநாலு மூச்சு விடுற ஆளுக்கு இட்லி எறங்குமா? டாக்கிப்னியான்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு?”

மூச்சு வேகமாக ஓடுவதற்கு அந்தப் பெயர் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறப்பதற்குள் சார்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் கொடுத்தார். பயந்துகொண்டு இருபது என்று எழுதினேன். என் கையால்தான் எழுதினேன், கீழே என் இனிஷியலும் போட்டேன்.

மறுநாள் தோட்டக்காரரை மூச்சுத் திணறத் திணற மதுரைக்குக் கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, பிழைத்துவிட்டார். விசாரணையில் அந்தத் தாளை என் முன்னால் வைத்தார்கள்.

“எனக்கு ஒண்ணுந் தெரியாது சார். பிள்ள எண்ணாமப் போட்டுருக்கு,” என்றார் சிஸ்டர், கண்கூட இமைக்காமல்.

கிழித்த தாளைப் பற்றி நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. படிப்பில் ஆறு மாதம் பின்தங்கினேன். ஆனால் அந்த எண் மட்டும் என்னோடு ஒட்டிக்கொண்டது. வார்டுக்குள் நுழைந்தாலே, “வந்துட்டாளா முப்பத்திநாலு?” என்பார் சிஸ்டர். கூடப் படித்த பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிப்போய் அவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அந்த அம்மாளுக்கு என்னென்ன கேடு வர வேண்டும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தே மீதிப் படிப்பை முடித்தேன்.

இந்தச் சித்திரையில், கம்பத்தில் நான் பொறுப்பு சிஸ்டராக இருக்கும் வார்டிலேயே அவர் வந்து படுத்தார். பித்தப்பை ஆபரேஷன். தலை நரைத்து, ஆள் இளைத்திருந்தார். மாஸ்க்குக்கு மேல் என் கண்ணை மட்டும் பார்த்தவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு அந்தக் குரலே போதுமாக இருந்தது. சந்தோஷப்பட்டேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சார்ட்டில் என் மாணவி மூச்சு இருபது என்று எழுதி இனிஷியல் போட்டிருந்தாள். எனக்குச் சந்தேகம். அவர் கழுத்துக் குழி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். உடனே அவர் பார்வை சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. நிதானமாக, அளந்து அளந்து மூச்சு விட்டார். மணிக்கட்டைப் பிடித்தபடி எதை எண்ணுவார்கள் என்று தெரிந்தவர் அல்லவா? பதினெட்டு வந்தது.

“இருபது. நல்லா இருக்கு,” என்று பொய் சொல்லிக் கையை விட்டேன். அவர் முகம் தெளிந்தது. பக்கத்துக் கட்டிலின் டிரிப்ஸைச் சரிசெய்வது போல் நின்று, ஓரக்கண்ணால் அவர் தோளைப் பார்த்து எண்ணினேன். முப்பத்திரண்டு. இரண்டு குறைந்துவிட்டதே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

நான் சார்ட்டை மறுபடி எடுத்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“இருபதுன்னே இருக்கட்டும்மா. நாளைக்கு வீரபாண்டி திருவிழாவுக்குப் போகணும். மக வீட்டுக்காரக எல்லாரும் வந்து எனக்காகக் காத்துக் கெடக்காக. நானும் நர்ஸ்தான், எனக்குத் தெரியாதா?”

விட்டிருக்கலாம். அவர் வாயாலேயே கேட்ட இருபது. வீட்டுக்குப் போய் மூச்சு முட்டியிருந்தால் என் பழி தீர்ந்திருக்கும், என்மேல் ஒரு தூசியும் விழுந்திருக்காது. பேனாவைத் திறந்தபடி நின்றேன். அந்த இருபதுக்குக் கீழே இருந்த இனிஷியல் அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. எண்ணாமல் போட்டவள்தான், ஆனாலும் அவளை இன்னொரு விசாரணையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அடித்துவிட்டு முப்பத்திரண்டு என்று எழுதி, டாக்டரைக் கூப்பிட்டேன்.

ஸ்கேனில் நுரையீரலில் ரத்தக்கட்டி தெரிந்தது. இன்னும் எட்டு நாள் படுத்திருந்தார். திருவிழா அவர் இல்லாமலே முடிந்தது. தேர் ஓடிய கதையைக் கட்டில் பக்கத்தில் நின்று விவரமாகச் சொன்னேன். தினமும் காலையில் மாணவிகளைச் சுற்றி நிறுத்தி, அவர் காதுபட ஒரு நிமிடம் முழுதாக எண்ண வைத்தேன். விதிக்கு அது விரோதம்தான்.

கிளம்பும் நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “உசுரக் குடுத்துருக்க ஆத்தா. ஒம் பேரு என்ன?”

மாஸ்க்கை இறக்கினேன்.

“முப்பத்திநாலு,” என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். பிறகு கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். நான் மணிக்கட்டை விடவில்லை. ஒரு நிமிடம் முழுதாக ஆகட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றேன்.