செல்விக்கு ஒரு சிவப்பு முட்டை

வார்துஹி அம்மாள் ஆர்மீனியாக்காரி. புகையிலை வியாபாரத்துக்காகத் திண்டுக்கல் வந்து இங்கேயே கண்ணை மூடிய ஒருவரின் மனைவி. அவள் வீட்டில் இஞ்ஞாசியம்மாள் சமையலுக்குச் சேர்ந்த முதல் ஈஸ்டரன்றே மலைத்துப்போனாள். ஊரே கறி எடுக்கிற நாளில், கிஸ்மிஸ் போட்ட நெய்ச்சோறும் மீனும் கீரையும் போதும் என்றாள் அந்த அம்மாள்.

"தவக்காலம் பூரா தின்ன கீரை பத்தலையாக்கும்" என்று அடுப்படியில் முணுமுணுத்தாள் இஞ்ஞாசியம்மாள்.

அந்த அம்மாள் ஊர் ஈஸ்டர் வழக்கமான முட்டை விளையாட்டு மட்டும் இஞ்ஞாசியம்மாளுக்குப் பிடித்துப்போயிற்று. வெங்காயப் பேட்டையில் சும்மா கிடக்கும் தோலை அள்ளிவந்து, அதோடு முட்டையை அவித்தால் செக்கச்செவேலென்று வரும். ஆளுக்கொன்றாகப் பிடித்து மோத வேண்டும். முட்டை உடையாதவருக்கு ஜெயம். வருஷா வருஷம் மகள் சகாயசெல்விதான் ஜெயித்தாள். ஜெயிக்காமல் என்ன? மகளுடைய கூர்முனைக்குத் தன் முட்டையின் மழுங்கின பக்கத்தைக் காட்டுவாள் தாய். அந்தப் பக்கம் சட்டென்று நொறுங்கும் என்பது சமையல்காரிக்குத் தெரியாதா?

"ஒரு தடவையாச்சும் நீ ஜெயிக்கவே மாட்டியாம்மா?" என்று பிள்ளை பாவப்படும்.

"எனக்குக் கை வரலத்தா."

1961 ஆவணியில் விஷக்காய்ச்சல் வந்து செல்வி போய்விட்டாள். ஒரே பிள்ளை. அடக்கம் முடிந்த பிறகு இஞ்ஞாசியம்மாள் கல்லறைப் பக்கமே போகவில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுவத்தியோடு புருஷன் ஸ்தனிஸ்லாஸ் மட்டும் போய்வந்தார்.

"நான் போனா அவ இல்லைன்னு ஆயிருமே" என்றாள். அசட்டுப் பேச்சுதான், பெற்றவளிடம் யார் வாதாடுவது?

அடுத்த ஈஸ்டருக்கும் முட்டை சிவந்தது. ஆனால் மோத ஆளில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் கல்லறைக்குப் போவது ஆர்மீனியர் வழக்கம். வார்துஹி அம்மாள் புருஷனுக்கென்று ஒரு முட்டையைக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். இஞ்ஞாசியம்மாள் ஈரக்கையோடு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"செத்த இருங்கம்மா, நானும் வாரேன். அவளுக்கு வெளையாட ஆளில்லயே."

கல்லறைத் தோட்டத்தில் அம்மாள் புருஷனிடம் ஒதுங்கிப் போனாள். இஞ்ஞாசியம்மாள் மகளின் மண்மேட்டருகே உட்கார்ந்தாள். வலக்கையில் மகளுடைய முட்டை, இடக்கையில் தன்னுடையது. வழக்கம்போல மகளுக்குக் கூர்முனை, தனக்கு மழுங்கின பக்கம். பிள்ளை இந்த வருஷமும் ஜெயிக்க வேண்டும்; அவள் வந்ததே அதற்குத்தான். மோதினாள்.

உடைந்தது செல்வியின் முட்டை.

"ஏண்டி, அம்மா ஜெயிக்கட்டும்னு விட்டுக்கொடுத்துட்டியா? யாருடி உங்கிட்டக் கேட்டா? எனக்கு வேணாம்டி!" என்று மண்ணில் விழுந்து கதறினாள். அத்தனை மாதம் அடக்கிவைத்த அழுகை.

அழுது ஓய்ந்ததும் உடையாத முட்டையை மகள் தலைமாட்டில் வைத்தாள். உடைந்ததைத் தான் எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் ஸ்தனிஸ்லாஸ் அந்த உடைந்த முட்டையைப் பார்த்தார். அவள் சொன்னாள்.

"அவதாங்க ஜெயிச்சா. எப்பவும்போல."