அப்பாவின் சுருட்டு

மாங்குளத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, தேநீர்க் கடையில் என் பக்கத்தில் இருந்த இளைஞர் குடித்து முடித்த கோப்பைக்குள் சிகரெட்டை அமுக்கி அணைத்தார். நனைந்த சாம்பல் மணம் எழுந்ததும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

கொக்கிளாயில் எங்கள் வீடு முழுவதும் அந்த மணம்தான். களப்பில் மீன்பிடித்துவிட்டு வரும் அப்பா, மழைக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சுருட்டுப் பத்துவார். மிச்சத்தைத் தேநீர்க் கோப்பைக்குள் போடுவார். ஊறிக் கறுத்த அந்தத் துண்டை அம்மா விரலால் தோண்டியெடுப்பார். தலையணை, சோறு, என் பள்ளிச் சட்டை எல்லாவற்றிலும் அதே நாற்றம்.

அம்மாவுக்கு இருமல் முற்றியபோது ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டொக்டர், "எத்தனை வருசமாப் புகைக்கிறீங்கள், அம்மா?" என்று கேட்டார்.

அம்மா கூசிப்போனார். "நான் ஒருநாளும் தொட்டதில்லை, ஐயா."

டொக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னலைப் பார்த்தார். வெளியே வந்ததும், அம்மா மூச்சுவிட முடியாமல் குந்தியிருந்த வாசலிலேயே அவர் சுருட்டைப் பற்றவைத்தார். அடுத்த மாரிவரை அம்மா இருக்கவில்லை.

கடையில் அந்த இளைஞர் இன்னொரு சிகரெட்டை எடுத்தபடி என் முகத்தைப் பார்த்தார். "அக்கா, மணம் ஒத்துவராதோ?"

"ஓம் தம்பி, குமட்டிச் சத்தி வருது. வெளியில போய்ப் பத்துங்கோ."

அவர் மறுக்காமல் எழுந்துபோனார். வெளியே கைக்குழந்தையோடு நின்ற மனைவியின் பக்கத்தில் நின்று பற்றவைத்தார்.