நாலு விரல் இடம்

ஆரணி கொசப்பாளையத்தில் எங்கள் தெருப் பெண் ரேணுகாதேவிக்கு நாற்பத்தாறு வயது. இருபத்தேழு வருடமாகப் பட்டு நெய்கிறாள். அவள் தும்மினால் பக்கத்து வீட்டுத் தறியில் ஊடு நூல் கோக்கும் நாடா தானாக ஓடும் என்பார்கள். ஓடியதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

குழித்தறியில் உட்காருகிறவரின் மடிக்கு முன்னால் ஒரு கட்டை இருக்கும். படமரம் என்று பெயர். நெய்த சேலை அதில்தான் சுருளும். போன வருடம் ரேணுகாவின் வயிற்றுக்கும் வெறும் படமரத்துக்கும் நடுவில் இரண்டே விரல் இடம் மிச்சம். பாக்கி இடத்தைப் பொன்னி அரிசிச் சோறும் ஆற்காட்டு மக்கன்பேடா இனிப்பும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

மூன்று சேலைக்கான நீள நூலை, புதுப் பாவை, தறியில் ஏற்றிய அன்று உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. கணவர் அருணகிரி ஒரு கையையும், அவர் தங்கை சசிகலா ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். அந்த வீட்டில் ராட்டினத்தில் நாடாவுக்குள் வைக்கும் நூலைத் தாராகச் சுற்றித் தருவது சசிகலாவின் வேலை. கண்ணெல்லாம் அண்ணியின் தறி மேல்.

"அண்ணி, பேசாம நீங்க ராட்டினத்தாண்ட வந்துடுங்க. தறிய நான் பாத்துக்கறேன்."

"என் எடத்தப் புடிக்க எத்தினி நாளாடி காத்துகினு கீற?"

"நாலு விரல் எடம் காட்டுங்க, நான் வாயே தொறக்கல. இந்தப் பாவு முடியறதுக்குள்ள!"

"காட்டலன்னா நானே எழுந்து போறேன். போ!"

சொல்லிவிட்டாளே தவிர, அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தறியை விட்டு இறங்கினால் ரேணுகா ரேணுகாவாக இருப்பாளா?

அடுத்த தெரு சௌம்யா உணவு ஆலோசகர். பரம்பரை ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுகிறவர்கள். "புதுசா ஒண்ணும் வாங்க வேணாங்க. சோத்தைப் பாதியாக்கி, அந்த எடத்துல கீரையும் காயும் வைங்க. கொஞ்சம் நடங்க. ஜல்தியா கொறைக்கணும்னு மட்டும் பாக்காதீங்க" என்றாள்.

காலையில் மோர் ஊற்றிய கேழ்வரகுக் கூழும் சின்ன வெங்காயமும். மதியம் ஒரு கரண்டி சோறு, அதற்குப் பக்கத்தில் ஜவ்வாது மலை உயரத்துக்கு முருங்கைக்கீரை. சாயங்காலம் கொள்ளுச் சுண்டல், வெள்ளரிப் பிஞ்சு. இருட்டுவதற்கு முன்பே கம்பு அடையும் சுரைக்காய்க் கூட்டும். தெருவில் இருந்த முருங்கை மரங்கள் அவளைக் கண்டால் தாமாகவே கிளையைத் தாழ்த்தின. ஆற்றங்கரை வரை போய்விட்டுத் திரும்பும்போது பாட்டு வேறு.

எடை மெஷினில் ஏறச் சொன்னால் மாட்டாள். "எனக்கு விரல் கணக்குதாங்க." தினமும் காலையில் தறியில் உட்கார்ந்து விரலை விட்டுப் பார்ப்பாள். இரண்டு. ஒரு வாரம் கழித்தும் இரண்டு. முதல் சேலை முடிந்தது, இரண்டு. இரண்டாவது முடிந்தது, அதே இரண்டு! ரவிக்கை தொளதொளத்ததைக்கூடத் தையல்காரர் தலையில் போட்டாள்.

மூன்றாவது சேலையும் முடிந்தது. அளந்து பார்க்க விரல்களை நீட்டிக்கொண்டு சசிகலா வந்தாள்.

"ரெண்டுதான் அண்ணி."

"எனக்குத் தெரியாதா? துன்னது பூரா தழை, ஒடம்பு மட்டும் அப்டியே கீது" என்று ரேணுகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேலைகளை அறுத்து, படமரத்திலிருந்து உருவி மடித்து வைத்தாள். எழுந்தும் விட்டாள், யாரும் கை கொடுக்கவில்லை என்பதை அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை.

சசிகலாவுக்கு மனசு கேட்கவில்லை. "புதுப் பாவு இழைய மட்டும் உங்க கையாலயே பிணைச்சிக் குடுங்க அண்ணி."

ரேணுகா மறுபடி உட்கார்ந்தாள். வழக்கம்போல வயிற்றைப் படமரத்தில் சாய்க்கப் போனாள். படமரம் வரவே இல்லை. குப்புற விழப் பார்த்தாள்.

அருணகிரி ஓடிவந்து விரலை வைத்தார். நாலு. அதற்கு மேல் கட்டைவிரலும் நுழைந்தது. வெறும் கட்டையைப் பார்த்தார், மடித்து வைத்த மூன்று கனத்த சரிகைச் சேலைகளைப் பார்த்தார்.

"அடியே! நீ எளைக்க எளைக்க இந்தப் பக்கம் சேல சுருண்டு பெருத்துகினு வந்துகீது! ரெண்டு மாசமா சேலயோட வயித்தயும் சேத்து அளந்துகினு இருந்திருக்கியே!"

சசிகலா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "பட்டு நெய்யற வூட்ல மூணு பேரு கீறோம், ஒருத்தருக்கும் தோணல பாரு!"

"சிரிச்சது போதும்" என்றாள் ரேணுகா, பாவு இழையைக் கையில் எடுத்துக்கொண்டே. "எழுந்து போய்த் தாரச் சுத்து. என் எடத்துல எனக்கு நெறைய எடம் கீது."