கஸ்தூரி திரும்பத் திரும்பக் கேட்ட பதில்

கஸ்தூரி போய்விட்டார் என்று ராயபுரத்திலிருந்து ஒரு செவிலியர் தொலைபேசியில் சொன்னார். மாரடைப்பு. எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த ஒருவர் வேறு காரணத்தால் இறந்திருக்கிறார் என்பதே எனக்கு வியப்பாக இருந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் இந்த நோயைப் பற்றி நான் எழுதியவை பெரும்பாலும் சாவுச் செய்திகள். அவருடைய கணவரும் இரண்டு வயதே ஆன மகளும் அந்த ஆண்டுகளில்தான் போனார்கள். பிறகு அரசு மருத்துவமனையில் மாத்திரைகள் இலவசமாகக் கிடைத்தன. படுக்கையிலிருந்த கஸ்தூரி எழுந்து நடந்தார். பிரசவ வார்டில் ஆலோசகராகச் சேர்ந்தார்.

உங்களில் பலர் அவரை அங்கேதான் பார்த்திருப்பீர்கள். "உனக்கு வந்துச்சு, சரி. புள்ளைக்கும் ஏன் சீதனமா குடுக்கிற?" என்று கர்ப்பிணிகளிடம் கேட்பார். வலி எடுத்ததும் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்ததும் பிள்ளைக்குக் கொஞ்சம் சொட்டு மருந்து. முழு உத்தரவாதம் இல்லை. ஆனால் தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறையும்.

ஒரு காலை நான் கட்டுரைக்காக அவரோடு இருந்தபோது எண்ணூர்க் குப்பத்திலிருந்து போன் வந்தது. கஸ்தூரி முன்கூட்டியே மாத்திரை கொடுத்து வைத்திருந்த கர்ப்பிணி தேவிக்கு வலி. (பெயரை மாற்றியிருக்கிறேன்.) அது சூட்டு வலிதான் என்று மாமியார் சீரகக் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தார். கஷாயத்துக்கு அடங்காவிட்டால்தான் பிரசவ வலி என்பது அங்கே வழக்கம். தேவிக்கு இருந்த தொற்று மாமியாருக்கும் தெரியாது, போனில் பேசிய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் தெரியாது. மாத்திரையை விழுங்கச் சொல் என்று யாரிடம் சொல்லியனுப்புவது? ஆட்டோ பிடித்தோம். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வழியை அடைத்து நின்றன. கஸ்தூரி இறங்கி ஒவ்வொரு டிரைவரிடமும் போனார். "கொஞ்சம் ஒதுங்கு நைனா, புள்ளத்தாச்சி காத்துனுகீது."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாத்திரை இன்னும் தேவியின் முந்தானையிலேயே முடிந்திருந்தது. "சூட்டு வலியா இருந்தா வீணாப் பூடுமேக்கா" என்றாள் மெதுவாக.

"வீணானா வேற மாத்திரை தரேன். புள்ளைய வேற தர முடியுமா?"

மாமியார் டம்ளரோடு வந்தார். "இன்னா மாத்திரை அது?"

"புள்ளத்தாச்சிங்களுக்குக் குடுக்கிறதுதான், ஆயா. உன் கஷாயத்தை இப்படிக் குடு."

அந்தக் கஷாயத்திலேயே தேவி மாத்திரையை விழுங்கினாள். பிற்பகலில் மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது. சொட்டு மருந்து உள்ளே இறங்கும்வரை கஸ்தூரி அதன் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

தொற்று உண்டா இல்லையா என்பது பிள்ளைக்கு ஒன்றரை வயதானால்தான் உறுதியாகும். தேவி கேட்டுக்கொண்டதால் அன்றைக்கு நானும் போயிருந்தேன். பையன் டாக்டரின் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இல்லை" என்றார் டாக்டர். "குழந்தைக்குத் தொற்று இல்லை."

"இன்னொரு தபா சொல்லுங்க சார்" என்றார் கஸ்தூரி. டாக்டர் சொன்னார். "இன்னொரு தபா." தேவிக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "யக்கா, அவருக்கு வேற வேலை இல்லியா?"

வெளியே வந்ததும், பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கஸ்தூரி என்னிடம் சொன்னார்: "எம் பொண்ணுக்கு 'இருக்கு'ன்னு ஒரு தபாதான் சொன்னாங்க சார். போதும்னு எழுந்து வந்துட்டேன்."

இத்தனை வருடத்தில் எத்தனையோ செய்திகளை எழுதிவிட்டேன். அவர் நினைவாக நான் வைத்துக்கொள்வது, டாக்டர் மூன்றாவது முறையும் பொறுமையாகச் சொன்ன அந்த "இல்லை"யையும், அதைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரியின் முகத்தையும்தான்.