மழைக்குக் காத்திருந்த மலைநடை

போன சனிக்கிழமை என்னை யாராவது பார்த்திருந்தால் ஆளுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். கலஹாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ரோட்டின் நடுவில் நின்று, வானத்தை அண்ணாந்து பார்த்து, "பெய்யேன், சனியனே!" என்று திட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே வானம் கழுவிவிட்ட பீங்கான் மாதிரிக் கிடந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை.

இந்தப் பத்திரிகைப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – மழைக்கும் எனக்கும் ஜென்மப் பகை. ஐப்பசி பிறந்ததும் கண்டியிலிருந்து ஒரு கோஷ்டியை மலைக்குக் கூட்டிப் போவது என் பைத்தியங்களில் ஒன்று. அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர்மார், வாத்திமார், கடைக்காரர், தபால் கந்தோர்க்காரர்... கால் உள்ளவர்கள் எல்லாரும் வரலாம். நாவுக்கு மட்டும் ஓய்வு கொடுக்க வேண்டும். ஏறும்போது பேசினால் மூச்சு வாங்கும்.

யாழ்ப்பாணத்தானுக்கு மலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் மலை என்று பெயர் வைத்திருப்பது கீரிமலை ஒன்றுக்குத்தான். அங்கே போய்ப் பார்த்தால் கேணிதான் இருக்கிறது. அந்தக் குறையோ என்னவோ, கண்டிக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து ஒரு மேட்டைக் கண்டால் எனக்கு ஏறாமல் இருக்க முடிவதில்லை.

மலை ஏறுவது சுலபம். ஏறுவதற்கு ஒரு நாளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா. ஞாயிறு என்றால் கோயில் பூசை என்று கிறிஸ்தவ அன்பர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். கந்தசஷ்டி தொடங்கிவிட்டால் சைவக்காரர் பட்டினி. பட்டினி கிடப்பவர்களை மலைக்கு இழுத்துப் போனால் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். மிஞ்சுவது சனிக்கிழமை. அன்று கந்தோரில் அரைநாள்தான் வேலை. எல்லாரும் ஆளுக்கொரு லீவு எழுதிக் கொடுத்து, அவரவர் கந்தோர்ப் பெரியவர்களிடம் முகம் கோணாமல் கையெழுத்து வாங்கி... அப்பாடா.

அடுத்தது மழை. ஐப்பசியில் காலை பளிச்சென்று இருக்கும். மத்தியானம் கழிந்து தேத்தண்ணி குடிக்கலாமா என்று நினைக்கிற நேரத்துக்கு இடியும் மின்னலுமாகக் கொட்டும். ஆகவே என் சட்டம் எளிமையானது: விடிய முதல் பஸ்ஸில் கலஹா, மத்தியானத்துக்குள் உச்சி, மழைக்கு முன் மறுபக்கம் ஹேவாஹெட்டவில் இறங்கி பஸ்ஸுக்குள் ஏறிவிட வேண்டும். என்னோடு வந்தவர் எவரும் இதுவரை நனைந்ததில்லை. இதைக் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் எழுதுகிறேன்.

மூன்றாவது, உத்தரவு. மலையைக் கடவுள் படைத்தாலும் ரோட்டு தோட்டத்துத் துரையுடையது. இந்தக் காலத்தில் நாலு படித்த தமிழர் சேர்ந்து ஒரு தோட்டத்துக்குள் காலை வைத்தாலே, யூனியன்காரர் வந்துவிட்டார்கள் என்று துரைமார் படலையைப் பூட்டச் சொல்கிறார்கள். நான் போக நினைத்த தோட்டத்துத் துரைக்கு எழுதிக் கேட்டேன். அவரும் நல்ல மனதோடு சம்மதித்தார், நிபந்தனைகளுடன். ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. தொழிலாளரோடு பேச்சு வைக்கக் கூடாது. இடிமழை பிடித்தால் மட்டும் லயத்து இஸ்தோப்பில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையின் முன் தாழ்வாரத்தில், கோஷ்டியும் சுமைகாரரும் ஒதுங்கலாம். மழை விட்டதும் கிளம்பிவிட வேண்டும். காவலுக்கு ஒரு வாச்சர் கூடவே வருவார். எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். தோட்டத்தின் பெயரைக் கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம்; ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

வியாழக்கிழமை பின்னேரம் கெலிஓயாவில் காசிம் நானாவின் கடைக்குப் போனேன். நானா நம் கோஷ்டியின் மூத்த உறுப்பினர், பலசரக்கு வியாபாரி. பாணும் வாழைப்பழமும் அவர் பொறுப்பு.

"தம்பி, கூடை தூக்க ஆள் வேணுமெண்டீங்களே... இந்தா, எங்கட கடைல நிக்கிற மாடசாமி வருவாரு," என்றார் நானா.

மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து ஒரு மனிதர் வந்து நின்றார். நரைத்த மீசை, மடித்துக் கட்டிய வேட்டி.

"கூலி வேணாங்கய்யா. கூட்டிக்கிட்டுப் போனாப் போதும்."

எனக்கு உடனே சந்தேகம். கூலி வேண்டாம் என்கிற மனிதரைக் கச்சேரியில் நான் இதுவரை கண்டதில்லை.

"ஏன் வேண்டாம்?" என்று கேட்டேன்.

"அந்தத் தோட்டத்துல எம்மக இருக்குங்க. அங்கேயே கட்டிக் குடுத்தேன். இப்பப் புள்ளை பெத்திருக்கு. ஆம்பளப் புள்ளை. பாக்கணும்."

"மகளைப் பார்க்கப் போறதுக்கு எங்களோட ஏன் வாறீர்? நேரே போறதுதானே?"

மாடசாமி ஒரு மூட்டையின் கயிற்றை இறுக்கிக் கட்டத் தொடங்கினார். நானாதான் விஷயத்தைச் சொன்னார். அதே தோட்டத்தில் வேலை செய்தபோது கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஏதோ வாய்த்தர்க்கம். மாடசாமி கணக்கப்பிள்ளையை எதிர்த்துப் பேசிவிட்டார். துரை பத்துச்சீட்டை, அதாவது வேலையிலிருந்து விலக்கிய சீட்டை, கையில் கொடுத்து, இனி இந்த எல்லைக்குள் கண்டால் பொலிசில் பிடித்துக் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மகளை அவர் பார்க்கவே இல்லை.

"நானா, நான் கையெழுத்துப் போட்டிருக்கிறன். ரோட்டை விட்டு இறங்கேலாது," என்றேன்.

"எறங்க வேணாங்க," என்றார் மாடசாமி அவசரமாக. "ரோட்டுல நின்னு பாத்தாப் போதும். வளைவுக்குக் கீழதான் லயம். மக புள்ளையத் தூக்கிக்கிட்டு இஸ்தோப்புல நிக்கும். சொல்லி அனுப்பிட்டேன். அம்புட்டுத்தாங்க."

"வாச்சர் உம்மைப் பிடிச்சிட்டால்?"

"அவரு புது ஆளு. எம் மூஞ்சி தெரியாது. தெரிஞ்சுபோச்சுன்னா..." அவர் குரலைத் தாழ்த்தினார். "மகளுக்கும் மருமவனுக்கும் சீட்டக் குடுத்துருவாங்க. தேயிலை வெலை கெடக்கிற கெடைக்கு வேற எந்தத் தோட்டத்துல எடுப்பாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. துரையிலா, மாடசாமியிலா, கையெழுத்துப் போட்ட என்னிலா – பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மகள் வீட்டுக்குப் போக ஒரு மனிதனுக்குக் கூடை வேஷம் வேண்டியிருக்கிறது! சரி, வாரும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் பேராதனை தாண்டும்போதுதான் மண்டையில் உறைத்தது. இடிமழை பிடித்தால் இஸ்தோப்பில் ஒதுங்கலாம்! துரையே கொடுத்த உத்தரவு. சுமைகாரருக்கும் சேர்த்துக் கொடுத்தது. மழைக்கு முன் மலையைக் கடப்பதற்குப் பதிலாக, மழை வருகிற நேரத்தில் சரியாக அந்த லயத்துக்குப் பக்கத்தில் நின்றால்?

கலஹாவில் தேத்தண்ணிக் கடையில் கோஷ்டிக்கு விஷயத்தைச் சொன்னேன். "இண்டைக்கு நனையப் போறம். விருப்பமில்லாதவை இப்பவே திரும்பலாம்."

ஒருவரும் திரும்பிப் போக எழும்பவில்லை. தபால் கந்தோர்க்காரர் ஒருவர் மட்டும் தனக்குச் சளி, தடிமன் பிடிக்கும் என்று முனகினார்.

"தடிமன் பிடிச்சால் கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ," என்றார் தங்கம்மா ரீச்சர். நம் கோஷ்டியில் அதிகம் பேசாதவர் அவர். பேசினால் அதற்கு மேல் பேச்சில்லை.

தோட்டத்து எல்லையில் வாச்சர் காத்திருந்தார். காக்கிக் கோட்டு, கையில் தடி, தோளில் மழைக்குப் போர்த்துகிற கொங்காணிச் சாக்கு. நல்ல மனிதராகவே தெரிந்தார். ஆனால் நிழல் மாதிரிக் கூடவே வந்தார். நாங்கள் நடக்கிற வேகத்தைப் பார்த்து அவருக்கே அலுத்துவிட்டது. வேகமாக நடக்க வைக்கத்தான் எனக்குத் தெரியும். மெதுவாக நடக்க வைப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் கண்டேன். பழகிய கால்கள் தானாக ஓடுகின்றன.

வளைவுக்கு வந்தோம். கீழே லயம். நீளமான தகரக் கூரை, சுண்ணாம்புச் சுவர். எல்லாரும் வேலைக்குப் போய்விட்டதால் ஆள் அரவம் இல்லை. ஒரு கதவுக்கு முன்னால் மட்டும் ஒரு பெண், கையில் துணிச்சுருள். துணிக்குள் பிள்ளை.

மாடசாமி கூடையைத் தலையிலிருந்து இறக்கவில்லை. கை காட்டவில்லை. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். பக்கத்தில் வாச்சர் நிற்கிறாரே! மாடசாமி பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பெண் துணியைக் கொஞ்சம் விலக்கி, பிள்ளையின் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அங்கிருந்து பார்த்தால் முகமா தெரியும்? எனக்கு அழுகை வந்துவிட்டது. சப்பாத்துக் கயிறு கட்டுகிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

மழை வர வேண்டிய நேரம் அதுதான். வரவில்லை. ஐப்பசி முழுவதும் ஒருநாள் தவறாமல் வந்த மழை, நான் வா என்று கூப்பிட்ட அன்றைக்கு லீவு போட்டுவிட்டது.

"சாப்பிடுவம்," என்றேன். சாப்பிட்டோம். சைவச் சாப்பாடு ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம், நானாவின் அடுக்குப் பெட்டி தனியாக. ஒவ்வொரு சோற்றுப் பருக்கையையும் மென்றோம். மாடசாமி மட்டும் சாப்பிடவில்லை. அவருடைய பங்கு வாழை இலையோடு அப்படியே கிடந்தது.

நானா மத்தியானத் தொழுகையான ளுஹர் தொழப் போனார். ஓடையில் கைகால் கழுவி ஒழுச் செய்து, ரோட்டோரத்தில் துண்டை விரித்துத் தொழுதார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வானத்தைக் காட்டினேன். மறுபடி எழுந்து கூடுதல் தொழுகையாகச் சுன்னத்துத் தொழுதார். பிறகு கையேந்தி நெடுநேரம் துஆக் கேட்டார். என்ன கேட்டார் என்று யாரும் கேட்கவில்லை. நான் எங்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். தங்கம்மா ரீச்சர் கண்ணை மூடி நெஞ்சில் சிலுவை போட்டார். மூன்று பக்கத்தாலும் மனுப் போயும் ஒரு துளி விழவில்லை.

"ஐயா, கெளம்பலாங்களா? மணியாச்சு. கண்டக்டர் ஐயா ஏசுவாரு," என்றார் வாச்சர், தோட்டத்து மேற்பார்வையாளரைச் சொல்லி.

"அட்டை பார்க்க வேணும்," என்றார் தங்கம்மா ரீச்சர் திடீரென்று. "எல்லாரும் சப்பாத்தைக் கழட்டுங்கோ."

காய்ந்து கிடக்கிற ரோட்டில் இரத்தம் உறிஞ்ச எங்கே அட்டை? ஆனாலும் கழற்றினோம். காலுறையை உதறினோம். சவர்க்காரம் பூசினோம், தேசிக்காயைப் பிழிந்து தேய்த்தோம். தடிமன்காரர் விரல் இடுக்கு ஒவ்வொன்றாக ஆராய்ந்து, வராத அட்டையை எல்லாருக்கும் காட்டினார். அந்த மனிதர்மேல் அன்றைக்குத்தான் எனக்கு மரியாதை வந்தது.

அதுவும் முடிந்தது. இனி என்ன செய்ய? வாச்சர் முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். மாடசாமி கூடையை எடுத்துத் தலையில் வைத்தார். "போதுங்கய்யா. பாத்துட்டேன்," என்றார் என்னிடம். பொய். அவர் பார்த்தது ஒரு துணிச்சுருளைத்தான்.

பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்திருப்போம். எதிர்மலையில் தேயிலைச் செடிகள் மேல் ஒரு சத்தம் கேட்டது, அரிசியைச் சுளகில் கொட்டுகிற மாதிரி. மழைத்திரையில் மலை மறைந்தது. அடுத்த கணம் இடி எங்கள் தலைக்கு மேலேயே விழுந்தது.

"ஓடுங்கோ!" என்று கத்தினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த உத்தரவும் போட்டதில்லை.

இஸ்தோப்பில் போய் ஒடுங்கினபோது ஒருவரிடமும் காய்ந்த நூல் இல்லை. நானா வாச்சரை மற்ற மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய் அரிசி விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அந்தப் பேச்சை அவரால் சாயங்காலம் வரைக்கும் இழுக்க முடியும்.

மாடசாமி மகளின் வாசலில் நின்றார். மகள் பிள்ளையை நீட்டினாள். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஈரமா இருக்கேன் தாயி. புள்ளைக்குச் சளி பிடிக்கும்."

தங்கம்மா ரீச்சர் பையிலிருந்து ஒரு காய்ந்த துவாயை எடுத்துக் கொடுத்தார். மாடசாமி தலையைத் துடைத்தார், நெஞ்சைத் துடைத்தார், கையை விரல் விரலாகத் துடைத்தார். பிறகும் தயங்கினார்.

"பிடிங்கப்பா!" என்று மகள் அதட்டினாள். மழைச் சத்தத்துக்கு மேலாக அந்த 'அப்பா' இஸ்தோப்பு முழுக்கக் கேட்டது.

அரிசி விலை பாதியில் நின்றது. வாச்சர் திரும்பிப் பார்த்தார். மாடசாமி பிள்ளையை வாங்கி, சுவரோடு சாய்ந்து குந்தி, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தடிமன்காரர் வந்த தும்மலை அடக்கிக்கொண்டார். வாச்சர் மழைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெய்ய மறுத்த மழைக்கு நிற்க மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கூரைச் சத்தம் அடங்கிவிட்டது. மாடசாமி நிமிர்ந்தே பார்க்கவில்லை. பிள்ளை அவருடைய விரலைப் பிடித்திருந்தது.

"மழை விட்டுருச்சுங்களே?" என்றார் வாச்சர் என்னைப் பார்த்து.

நான் கையை வெளியே நீட்டினேன். "இல்லை. இன்னும் தூறுது."

"ஓம், தூறுது," என்றார் தங்கம்மா ரீச்சர் கையை நீட்டி.

"நல்லாத் தூறுது தம்பி," என்றார் நானா.

தடிமன்காரரும் நீட்டினார். கிளாக்கர்மார் வரிசையாக நீட்டினார்கள். அரசாங்க உத்தியோகத்தர் இத்தனை பேர் ஒருமிக்கச் சாட்சி சொல்லி நான் கண்டதில்லை.

வாச்சர் எங்களைப் பார்த்தார். மாடசாமியைப் பார்த்தார். பிறகு தடியைச் சுவரில் சாத்திவிட்டு, தன் கையையும் வெளியே நீட்டினார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "தூறத்தான் செய்யுது."

அப்போது வெயில் சுள்ளென்று எறித்துக்கொண்டிருந்தது.